பாதி வழியில் நின்ற கதிர்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒளிக்கதிர்கள் போகிற வழியைக் கணக்கிடுவதற்காகவே சம்பளம் வாங்கிய நான், வழி தெரியாமல் முழிக்கிற கதிர்களைக் குப்பையில் போடும்படி புரோகிராமில் ஒரு வரி எழுதி வைத்தேன். பிறகு அப்படி எழுதியதையே மூன்று வருடம் மறந்து போனேன். மறந்தது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மிச்சமிருந்த கதிர்களை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு, விட்ட வெப்பமும் வந்த வெப்பமும் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது என்று ஆய்வுக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காணாமல் போனதைக் கணக்கிலேயே சேர்க்காவிட்டால் நூறு வராமல் வேறு என்ன வரும்? தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளை இதைக் கண்டுபிடித்திருக்கும். எனக்கு அப்போது ஐம்பத்தோரு வயது.

என் வேலை என்ன என்று, மலேசியாவில் கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் காப்பாரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. அடுத்த வீட்டு அங்கிள் இன்றுவரை நான் அடுப்பு ரிப்பேர் செய்கிறவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கேஸ் அடுப்பை இரண்டு தடவை பார்த்தும் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவையும் சரியாகவில்லை.

மத்தியானம் காப்பார் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனால், தூரத்தில் தார் மேல் தண்ணீர் தேங்கி நிற்பது போலத் தெரியும். கிட்டே போனால் காய்ந்த ரோடு. தரையை ஒட்டிய காற்று அதிகச் சூடாகவும் மேலே இருக்கிற காற்று அவ்வளவு சூடில்லாமலும் இருப்பதால், வானத்திலிருந்து இறங்குகிற ஒளி தரையைத் தொடாமலே வளைந்து மேலே திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. நாம் தண்ணீர் என்று நினைத்தது வளைந்து வந்த வானம். சில கண்ணாடிகளையும் இப்படிச் செய்யலாம். ஒளியை வளைக்கிற தன்மை, அதாவது ஒளிவிலகல் எண், கண்ணாடியின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குப் போகப் போக மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கண்ணாடியை நன்றாகச் சூடாக்கினால் உள்ளே வெப்பம் பெரும்பாலும் ஒளியாகத்தான் ஓடும். வளைந்து வளைந்து ஓடும். எந்த இடத்தில் எவ்வளவு சூடு தங்கும் என்று தெரிய வேண்டுமானால், கம்ப்யூட்டருக்குள் லட்சக்கணக்கில் கதிர்களை விட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னாலேயே போய், எங்கே எவ்வளவு வெப்பத்தை இறக்கி வைத்தது என்று பார்க்க வேண்டும். இதுதான் நான் செய்த வேலை. மொத்தத்தில் ஒளிக்குப் பின்னால் வேவு பார்க்கிற உத்தியோகம்.

காலையில் மோட்டார் சைக்கிளில் கிள்ளான் ஸ்டேஷன், அங்கிருந்து கொமுட்டர் ரயில், கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி இன்னும் இரண்டு ஸ்டேஷன். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் வெப்ப ஆய்வுக்கூடம். அங்கே நானும், எங்கள் பேராசிரியரும், இன்னும் சிலரும் இருந்தோம். பேராசிரியர் சீனர், அறுபதைத் தாண்டியவர், குரலை உயர்த்தவே தெரியாதவர். பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார்.

மயிலாடுதுறைப் பக்கம். வயது முப்பத்தெட்டு. டாக்டர் பட்டம் வாங்கியவர், நான் வாங்காதவன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கணவரும் பத்து வயது மகளும் ஊரில். கையில் இருந்தது இரண்டு வருட காண்ட்ராக்ட். அது இன்னும் மூன்று வருடத்துக்கு நீண்டால் குடும்பத்தை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். நீளாவிட்டால் வேலை பாஸ் முடிகிற அன்றே பெட்டி கட்ட வேண்டியதுதான். நீள்வதற்குப் பேராசிரியர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்தப் பெண்மணி நிஜக் கண்ணாடியை ஃபர்னஸில் வைத்து அளக்கிற சூடும், நான் புரோகிராமில் கணக்கிடுகிற சூடும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் கட்டுரை, கட்டுரை வந்தால் காண்ட்ராக்ட்.

அதாவது, ஒரு குடும்பம் ஒன்று சேர்வது என் புரோகிராமின் தலையில் இருந்தது. அப்போது யாராவது என்னிடம் இதை இப்படி நேராகச் சொல்லியிருந்தால், அதற்கும் ஒரு ஜோக் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறுவதற்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் டீ குடிப்போம். கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர், எல்லோருக்கும் பாய். ஒரு வெள்ளிக்கிழமை நான் மூன்றடுக்கு டீ சொன்னேன். கண்ணாடிக் கிளாஸில் அடியில் கூலா மெலாகா என்கிற தென்னை வெல்லப் பாகு, நடுவில் பால், மேலே சாயம் என்று தனித்தனியாக நிற்கும்.

"பாருங்க டாக்டரம்மா, என் புரோகிராமே இதான்" என்றேன். "கண்ணாடிய அடுக்கடுக்கா வெட்டிருவேன். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே நம்பர். ஒரு அடுக்குலேர்ந்து அடுத்த அடுக்குக்குப் போறப்ப கதிர் எவ்ளோ வளையுதுன்னு பாத்தா போதும்."

அவர் என் கிளாஸை இழுத்து, கரண்டியை விட்டு லேசாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நம்ம கண்ணாடி இப்படி இருக்குண்ணே. இப்ப எங்க பால் முடியுது, எங்க பாகு ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"அலாமா, என் டீய கெடுத்துட்டீங்களே."

"வெளையாட்டு இல்லண்ணே."

"அதுக்குத்தான் இருநூறு அடுக்கா வெட்டுறேன் லா. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது."

"சரி. ஆனா சாய்வா போற கதிர் இருக்குல்ல? மேல போகப் போக வளைஞ்சு, ஒரு எடத்துல அப்படியே படுத்து, திரும்பக் கீழ வரும். அது படுக்குற எடத்துல என்ன பண்றீங்க?"

நல்ல கேள்வி. இதைவிட நல்ல கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் பாயைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"அது பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரும். நான்தான் இங்கேயே உக்காந்து டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போக மாட்டேங்கிறேன். என்ன பாய்?"

"ஒங்க வீட்டம்மா கேட்டா நான் ஒங்கள பாக்கவே இல்லன்னு சொல்லிருவேன் பாஸ்" என்றார் பாய். அவரும் சிரித்தார். கேள்வி கிளாஸோடு போய்விட்டது.

உண்மையில் கதிர் படுக்கிற இடத்தில் என்ன நடந்தது என்றால், என் சூத்திரம் மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டது. அப்படி ஓர் எண் கிடையாது என்று கம்ப்யூட்டர் அங்கேயே நின்றது. மூன்று வருடத்துக்கு முன்பு முதன்முதலாகப் பரிசோதித்தபோது எடுத்துக்கொண்டது ஒளிவிலகல் எண் கொஞ்சமாக மாறுகிற சாதுவான கண்ணாடி. ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ கதிர்தான் இப்படி மாட்டியது. 'மாட்டினால் அந்தக் கதிரை விட்டுவிடு, அடுத்ததை எடு' என்று ஒரு வரி போட்டேன். கடைசியில் வந்து சேர்ந்த கதிர்களின் எண்ணிக்கையாலேயே வகுத்தேன். பக்கத்திலேயே மலாயில், அப்புறம் சரி செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். எனக்கு நான் எழுதுகிற குறிப்புகளை நான் படிப்பதில்லை.

முதல் அளவுகள் வந்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. கண்ணாடியின் சூடான பக்கத்தில் அவருடைய தெர்மோகப்பிள்கள், அதாவது சூட்டை அளக்கிற மெல்லிய கம்பிகள், என் புரோகிராம் சொன்னதைவிட முப்பது டிகிரி கூடுதலாகக் காட்டின.

"ஒங்க பேலன்ஸ் சரியா வருதாண்ணே?" என்று கேட்டார்.

"நூறு."

"தசமத்துக்கு அப்புறம்?"

"சைபர், சைபர், சைபர். எங்க வீட்டு அரிசி டின்கூட இவ்ளோ கரெக்டா இருக்காது."

"புரோகிராம ஒரு தடவ நானும் பாக்கலாமா?"

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் புரோகிராமை இன்னொருவர் கேட்பது வழக்கமில்லை. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டு என்பது போல. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, அண்ணன் மேல நம்பிக்க இல்லையா?" என்றேன். அந்த 'அண்ணன்' இருக்கிறதே, அதை நான் தெரிந்தேதான் போட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, அப்படி இல்லண்ணே, கத்துக்கலாமேன்னு கேட்டேன்" என்றார். அதற்குப் பிறகு இன்னொரு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்க ஆரம்பித்துப் பாதியிலேயே அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டார். என்னைவிட இரண்டு மடங்கு படித்த ஒருவர், தன் கேள்விக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பெரிய மனதோடு மன்னித்தேன்.

மன்னித்ததோடு நிற்கவில்லை. அவர் அளவில் என்ன தப்பு என்றும் நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். கண்ணாடிக்குள் ஓடுகிற ஒளியைக் கம்பி தானே குடித்துவிடுகிறது, அதனால்தான் கண்ணாடியின் சூட்டைக் காட்டாமல் தன் சூட்டைக் காட்டுகிறது என்றேன். கேட்க நன்றாக இருக்கும் விளக்கம். சில சமயம் அப்படி நடப்பதும் உண்டு. "கண்ணாடிக்குக் காய்ச்சல் இல்ல, ஒங்க தெர்மோமீட்டருக்குத்தான் காய்ச்சல்" என்று சொன்னதும் பக்கத்து மேசை வரை சிரிப்பு போனது.

அவர் அடுத்த ஐந்து மாதம் என் விளக்கத்தின் பின்னால் அலைந்தார். பூடுவில் ஜாலான் பாசார் தெருவில் கடை கடையாக ஏறி, ஒளி படாமல் உறை போட்ட தெர்மோகப்பிள் தேடினார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போய்ச் சீனக் கடைக்காரரிடம் மலாயில் பேசிக் கொடுத்தேன். உதவி செய்கிற மாதிரி எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. திரும்பும்போது அவர் சாலாக் செலாத்தானில் இறங்கி ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவது மாடி, இரண்டு அறை. கீழே காய்கறிக் கடை. வீட்டுக்கார ஆன்ட்டியிடம் நான்தான் பேசினேன்.

அவர் போனில் மகளை அழைத்து அறையைக் காட்டினார்.

"இது ஒன் ரூம்டா."

"ஜன்னல் எங்கம்மா?"

"இதோ, இந்தப் பக்கம். ரயில் தெரியும் பாரு."

"அந்த மாமா யாரு?"

"அம்மா கூட வேல பாக்குறவரு. அவரு கணக்குதான் அம்மாவுக்கு ஆன்சர் கீ மாதிரி."

நான் போனுக்குக் கை காட்டினேன். கன்னத்தை உப்பி முகத்தைக் கோணலாக்கிக் காட்டினேன். மகள் சிரித்தாள். குழந்தைகளுக்கு என்னை உடனே பிடித்துவிடும்.

உறை போட்ட தெர்மோகப்பிள்கள் தடிமனானவை. அவை சூட்டைக் கம்பி வழியாக வெளியே இழுத்துவிடும். அதனால் காட்ட வேண்டியதைவிடக் குறைவாகத்தான் காட்டும். எனக்கு இது தெரியும். தெரிந்திருக்க வேண்டும். புது அளவுகள் என் புரோகிராமோடு கச்சிதமாகப் பொருந்தி வந்தபோது, எனக்கு அது ஞாபகம் வரவில்லை. இரண்டு தப்புகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம். பழைய அளவுகளை அவர் 'சந்தேகத்துக்குரியவை' என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டருக்குள் தள்ளினார். அன்று பாய் கடையில் ரொட்டி சானாய், அவர் செலவு. ஊரில் கணவர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னார்.

"அவசரப்படாம இருந்திருக்கலாமே" என்றேன். அதுகூட ஏதோ புத்திசாலித்தனத்தில் சொன்னது இல்லை, வாயில் வந்தது.

"எதுக்குண்ணே? அதான் மேட்ச் ஆயிருச்சே."

காண்ட்ராக்டை நீட்டுவதா என்று முடிவு செய்யும் கூட்டம் ஒரு வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை, கூட்டத்தில் காட்டுவதற்கு அழகாக ஒரு படம் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஐம்பது கதிர்களை மட்டும் விட்டு, அவை போகிற பாதையைக் கலர் கலராக வரையச் சொன்னேன். வந்தது. நேராக மேலே போகிறவை, அழகாக வளைந்து போகிறவை. நடுவில் பத்துப் பன்னிரண்டு கோடுகள் மேலே ஏறி, வளைந்து, கண்ணாடியின் பாதியில் சும்மா நின்றன. பல்லி வால் அறுந்தது போல.

படம் வரைகிற புரோகிராமில்தான் கோளாறு என்று ஒரு மணி நேரம் அதைத் திட்டினேன். பிறகு ஒரு கதிரை நேராகவும் ஒரு கதிரைச் சாய்வாகவும் விட்டுப் பார்த்தேன். சாய்ந்த கதிர் கிளம்பியது, வளைந்தது, காணோம். விட்டது இரண்டு, வந்தது ஒன்று, பேலன்ஸ் நூறு. அப்போதுதான் மூன்று வருடத்துக்கு முன்பு எழுதிய அந்த வரியைப் பார்த்தேன். பக்கத்தில் என் குறிப்பு.

ஆயிரத்தில் ஒன்று இல்லை. இந்தக் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் வேகமாக மாறியது; ஐந்தில் ஒரு கதிர் மாட்டிக்கொண்டது. அவை எல்லாம் மேலே தப்பிக்க முடியாமல் சூடான பக்கத்துக்கே திரும்பி வந்து அங்கே வெப்பத்தை இறக்க வேண்டிய கதிர்கள். நான் அவற்றைத் தொலைத்ததால்தான் அந்தப் பக்கம் முப்பது டிகிரி குறைவாகக் காட்டியது. அவருடைய முதல் அளவு சரி. மெல்லிய கம்பி சரி. காய்ச்சல் எனக்குத்தான்.

அவர் மேசை என் மேசையிலிருந்து எட்டடி. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பேராசிரியரின் அறைக் கதவும் திறந்தே இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், படத்தை மூடினேன். முதலில் சரி செய்துவிடுவோம், சரியான விடையோடு போய்ச் சொன்னால் இவ்வளவு அசிங்கமாக இருக்காது என்று நினைத்தேன். ஆனால் முழுதாக ஓட்டி முடிக்க எங்கள் கம்ப்யூட்டருக்கு நாலு நாள் வேண்டும். கையில் இருந்தது மூன்று. எல்லாவற்றையும் கணக்கிடத் தெரிந்த எனக்கு இந்தக் கழித்தல் அன்று பிடிபடவில்லை. அல்லது பிடிபட்டது, அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. என் வேலையும் வருடா வருடம் புதுப்பிக்கிற வேலைதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை பேராசிரியரும் வேறு துறையிலிருந்து இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். டாக்டரம்மா எதையும் மறைக்காதவர். முதல் அளவுகளையும் இரண்டாவது அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இரண்டுக்கும் முப்பது டிகிரி வித்தியாசம். இரண்டாவதுதான் சரி என்று எப்படித் தெரியும்?"

"சிமுலேஷனோடு ஒத்துப்போகிறது" என்றார் அவர்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "உங்கள் புரோகிராமில் உங்களுக்குச் சந்தேகம் ஏதாவது உண்டா?"

எவ்வளவு தெளிவான கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே விடை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மாவும் பார்த்தார், பயமே இல்லாமல் பார்த்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"என் புரோகிராம் என் மனைவி மாதிரி சார். தப்பே செய்யாது. செய்தாலும் நான் சொல்ல முடியாது."

மேசையைச் சுற்றி நல்ல சிரிப்பு. வேறு துறையிலிருந்து வந்த ஒருவர் மேசையைத் தட்டியே சிரித்தார். பிறகு பேராசிரியர் தன் மெல்லிய குரலில் டாக்டரம்மாவிடம் சொன்னார்: பிடித்த விடை வரும் வரைக்கும் கருவியை மாற்றிக்கொண்டே போவது அளவு எடுக்கிற முறை இல்லை. நீங்கள் கவனமானவர் என்று நினைத்திருந்தேன்.

அவர் கையில் வைத்திருந்த காகிதத்தை மடித்தார். பிறகு இன்னொரு மடிப்பு. பிடித்த விடை வரும்படி கணக்கை மடக்கிய நான் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது என்னிடம், "தேங்க்ஸ்ணே. உள்ள மூச்சே முட்டிருச்சு. நீங்க ஜோக் அடிச்சதுலதான் கொஞ்சம் லேசாச்சு" என்றார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. நீட்டிப்பு இல்லை. அதற்குள் நான் புரோகிராமைச் சரி செய்திருந்தேன். அடுக்குகளைத் தூக்கிவிட்டு, கதிர் தன் பாதையிலேயே சின்னச் சின்ன அடியாக நடக்கும்படி மாற்றினேன். படுக்கிற இடம் வந்தால் அது தானே படுத்து, தானே திரும்பிக்கொள்ளும். பதினோரு வரிகள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் முடிந்த வேலை. ஓட்டிப் பார்த்தேன். அவருடைய முதல் அளவுகளுக்கும் அதற்கும் இரண்டு டிகிரிகூட வித்தியாசம் இல்லை.

கடிதம் வந்த பிறகும் சொல்லியிருக்கலாம். அவர் பாஸ் முடிய ஐந்து வாரம் இருந்தது. சாலாக் செலாத்தான் ஆன்ட்டிக்கு வீடு வேண்டாம் என்று போன் செய்து சொன்னதும் நான்தான். டாக்டரம்மா தனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றார், "அண்ணன் இருக்கேன்ல" என்று வாங்கிக்கொண்டேன். போகிற அன்று தன் ரைஸ் குக்கரை என் மனைவிக்குக் கொடுத்தார். அவர் விமானம் ஏறி இரண்டு நாள் கழித்துப் பேராசிரியரின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. டாக்டரம்மாவின் வேலை இடம் வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது, திரும்பக் கேட்க முடியாது என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்கு என்னிடம் ஜோக் இருக்கவில்லை.

வீட்டில் அந்த ரைஸ் குக்கரில் சோறு வைத்துக்கொண்டிருந்த மனைவியிடமும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"புரொஃப்கிட்ட சொல்லிட்டேன்."

"நான் அத கேக்கல."

"சொல்றேன் லா. நேரம் பாத்து சொல்றேன்."

"நேரம் பாத்து" என்று அவள் என்னைப் போலவே சொல்லிக் காட்டிவிட்டு மூடியை வைத்தாள்.

நேரம் பார்த்துக்கொண்டே ஏழு வாரம் போனது. ஒரு நாள் பேராசிரியர் கூப்பிட்டார். இப்போது கணக்கும் முதல் அளவும் பொருந்துவதால் கட்டுரையை எழுதிவிடலாம், டாக்டரம்மாவின் பெயரும் வரும், ஆனால் முதல் அளவுகளின் மூல ஃபைல் ஆய்வுக்கூடக் கம்ப்யூட்டரில் இல்லை. அவரிடம் கேட்டு வாங்குங்கள் என்றார். சரி என்றேன். அன்று சாயங்காலமே கே.எல். சென்ட்ரலில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று போன் செய்தேன்.

"வணக்கம் டாக்டரம்மா, மலேசியாலேர்ந்து புகார்ப் பிரிவு பேசுறோம்" என்றேன்.

அவர் சிரித்தார். மயிலாடுதுறையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். கணவருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை, தேடுகிறார் என்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கதிர் படுக்கிற இடம், அந்த வரி, ஐந்தில் ஒன்று, உறை போட்ட கம்பி, எல்லாம். அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"அப்ப என் மொத ரீடிங் சரி."

"சரிதான்மா. ரெண்டு டிகிரிகூட வித்தியாசம் இல்ல."

"ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"கொஞ்ச நாளாச்சு."

"எப்பண்ணே?"

"அந்த மீட்டிங்குக்கு மூணு நாள் முன்னாடி."

கிள்ளான் ரயில் வருவதாக அறிவித்தார்கள். வாயைச் சும்மா வைத்திருக்க எனக்கு வராது. "பேசாம அந்தப் புரோகிராமுக்கும் ஒரு விசா எடுத்து ஒங்ககிட்டயே அனுப்பியிருக்கணும்" என்று என்னவோ உளறினேன். பிறகு, அந்த முதல் அளவுகளின் ஃபைல் இருந்தால் நன்றாக இருக்கும், பேராசிரியர் கேட்கிறார் என்று இழுத்தேன்.

"அனுப்புறேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஆனா ஒண்ணு சொல்றேண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஃபைல் தேவப்படலன்னா நீங்க எனக்கு போனே பண்ணியிருக்க மாட்டீங்க."